ஃபைபர்கிளாஸ் டிரெய்லரில் ஒழுகல்: எந்த சீலன்ட்டை எங்கே போடுவது?

கூண்டுவண்டி:

வணக்கம். கைமாறி கைமாறி என்னிடம் வந்து சேர்ந்த ஒரு பழைய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர். மேல் ஓடு, கீழ் ஓடு என்று இரண்டு பாதியை நடுவில் ஒட்டிச் செய்கிற முட்டை வடிவ வகை. கூரையில் ஒட்டே கிடையாது, அதனால் ஒழுகவே ஒழுகாது என்று சொல்லித்தான் இந்த வகையை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். ஒட்டு இல்லை என்பது சரிதான், ஆனால் வென்ட், ஜன்னல், விளக்கு, அலமாரிக்கு அடித்த ரிவெட் என்று ஓட்டைக்கு ஒன்றும் குறைவில்லை.

நல்ல மழை பெய்தால் கூரை வென்ட்டின் முன்பக்க மூலையில் சொட்டுகிறது. பக்கவாட்டு ஜன்னல் ஒன்றின் கீழே உள்சுவர் ஈரமாக இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தரை பிளைவுட்டின் ஓரம் கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. மேல் அலமாரியில் வைத்த துணியெல்லாம் ஓத வாடை. முன்னால் வைத்திருந்தவர் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வெளியிலிருந்து சிலிக்கானை அப்பியிருக்கிறார். அது பாதி உரிந்து, பாதி கறுப்புப் பூஞ்சையோடு தொங்குகிறது.

தேடிப் படித்ததில் குழப்பம்தான் மிச்சம். 3எம் 5200 என்கிற சீலன்ட்டைப் போடு, ஆயுசுக்கும் அசையாது என்கிறார் ஒருவர், அதன் பக்கமே போகாதே என்கிறார் இன்னொருவர். பியூட்டைல் டேப் மட்டும் போதும் என்று ஒரு கட்சி. கூரைக்கென்றே தானாகப் பரவி மட்டமாகிற சீலன்ட் விற்கிறார்களே, அது எப்படி? எல்லா இடத்துக்கும் ஒரே டியூப் போதுமா, இடத்துக்கு ஒன்று வாங்க வேண்டுமா? இருக்கிற சிலிக்கான் மேலேயே புதிதாக ஒரு கோடு இழுத்துவிட்டு இந்த மழைக்காலத்தையாவது ஓட்ட முடியுமா?


பாய்மரம்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. உலர்ந்து இறுகிய சிலிக்கான் மேல் வேறு எந்த சீலன்ட்டும் பிடிக்காது, புது சிலிக்கான்கூட ஒழுங்காக ஒட்டாது. ஒட்டினதுபோல இருக்கும், ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தால் நாடாவாக உரிந்து வரும். அதைவிட மோசம், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நுழைந்து வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கி நிற்கும்.

எனக்குப் பழக்கம் படகு வேலை. ஃபைபர்கிளாஸ் படகுக்கும் உங்கள் டிரெய்லருக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, ஓடு ஒழுகாது, ஓட்டில் நாம் போட்ட ஓட்டைதான் ஒழுகும். அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய இடம் வென்ட் விளிம்புக்கு அடியில். விளிம்புக்கும் ஓட்டுக்கும் நடுவே சீலன்ட் நசுங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே ஓரத்தில் இழுக்கிற கோடு சும்மா ஒரு மேல்பூச்சு, வெயிலில் அதுதான் முதலில் வெடிக்கும். உங்களுக்கு முன்னால் இருந்தவர் எத்தனை டியூப் காலி செய்தும் ஒழுகுகிறது என்றால் காரணம் இதுதான், அவர் எதையுமே கழற்றவில்லை. அதனால் கழற்ற மனசில்லை என்றால் எந்த சீலன்ட் என்ற கேள்விக்கே அர்த்தமில்லை, கழற்றப் போகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்தப் பாகத்தை என்றைக்காவது மறுபடி கழற்றுவேனா என்பது. வென்ட், ஜன்னல், விளக்கு, கதவுக் கொக்கி எல்லாமே கழற்ற வேண்டியவை. வென்ட் மூடி வெயிலில் நொறுங்கும், விளக்கு போகும். அப்படியானால் 3எம் 5200 வேண்டாம். அது பாலியூரித்தேன், சீலன்ட் என்பதைவிடப் பசை என்று சொல்வதுதான் பொருத்தம், படகின் உடலோடு நிரந்தரமாக இருக்க வேண்டிய பாகங்களுக்கு அருமையான சரக்கு. ஆனால் அதைப் போட்டு ஒட்டிய வென்ட்டை எடுக்கப் போனால் வென்ட்டோடு ஜெல்கோட்டும், அதாவது ஃபைபர்கிளாஸின் பளபளப்பான மேற்பூச்சும், சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். அதே குடும்பத்தில் பிடி குறைவானது 4200. ஹைப்ரிட் வகையில் 4000 யூவி இருக்கிறது, வெயிலை இன்னும் நன்றாகத் தாங்கும், மஞ்சளிப்பதும் குறைவு. சிக்காஃப்ளெக்ஸ் 291-உம் பாலியூரித்தேன்தான், பொதுவான கடல் வேலைக்கு.

உங்களுக்கு முக்கால்வாசி இடத்துக்கு என் ஓட்டு பியூட்டைல் டேப்புக்குத்தான். அது இறுகவே இறுகாது, வருஷக் கணக்கில் பிசுபிசுப்போடு மெத்தென்று இருக்கும், ஓடு வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும்போது கூடவே நகர்ந்து கொடுக்கும். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன், 19 மில்லிமீட்டர் அகலத்தில் சுருளாகக் கிடைப்பது போதும். வேண்டாத நாளில் ஸ்குரூவைக் கழற்றிவிட்டு மெதுவாக நெம்பினால் பாகம் வந்துவிடும். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பியூட்டைலுக்குப் பிடித்துவைக்கும் பலம் கிடையாது, ஸ்குரூவோ போல்ட்டோ இறுக்கிப் பிடித்தால்தான் வேலை செய்யும். வெயில் நேராகப் பட்டால் கெடும், அதனால் பிதுங்கியதை விளிம்போடு சீவிவிட வேண்டும். இன்னொன்று, அதே மாதிரி சாம்பல் நிறச் சுருளில் சாதாரணப் புட்டி டேப்பும் விற்கிறார்கள், விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள், சில வருஷத்தில் காய்ந்து விரிசல் விடும். ஒரு துண்டைப் பிய்த்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பாருங்கள்: பியூட்டைல் நூலாக நீளும், புட்டி பொட்டென்று அறும்.

வென்ட்டை இப்படி மாட்டலாம். பழையதைக் கழற்றி, இரண்டு பக்கமும் சுத்தம் செய்து, கூரையில் உள்ள ஸ்குரூ ஓட்டைகளின் வாயைக் கையால் லேசாகச் சரிவாகக் குடைந்துவிடுங்கள், ஆழமாகப் போகக் கூடாது, ஒரு சின்னக் குழி போதும். இறுக்கும்போது பியூட்டைல் அந்தக் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு ஸ்குரூவையும் ஒரு வளையமாகச் சுற்றிப் பிடிக்கும். உங்கள் கூரை வளைவாக இருக்கும், வென்ட் விளிம்போ தட்டை, நான்கு மூலையில் இரண்டு மூலையாவது தூக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் முன்பக்க மூலைச் சொட்டுக்கு இதுதான் காரணம் என்று பந்தயம் கட்டுவேன். அந்த இடத்தில் டேப்பை இரண்டு அடுக்காக வையுங்கள். ஸ்குரூவை ஒரேயடியாக முறுக்காதீர்கள், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, சுற்றிலும் டேப் பிதுங்குகிறதா பார்த்து, அப்படியே விட்டுவிடுங்கள். நல்ல வெயில் ஏறிய பிறகு வந்தால் டேப் தளர்ந்திருக்கும், மறுபடி அரைச் சுற்று போகும். மறுநாளும் போகும். ஸ்குரூ நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் மரச் சட்டம் உளுத்துவிட்டது என்று பொருள், அதை மாற்றாமல் என்ன போட்டாலும் வீண்.


ஓதம்:

பாய்மரம் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை, ஆனால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். எங்கே ஒழுகுகிறது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. எங்கே சொட்டுகிறது என்றுதான் தெரியும்.

இந்த வகை வண்டியில் ஓட்டுக்கும் உள் உறைக்கும் நடுவே தண்ணீர் எங்கெங்கோ ஓடும். மேலே மூலையில் இருக்கும் அடையாள விளக்கில் நுழைந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டு வளைவோடு இறங்கி, கட்டிலுக்கு அடியில் வந்து விழும். ஆள் ஜன்னலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார், ஒழுகல் விளக்கில் இருக்கும்.

அதற்கும் முன்னால், அது ஒழுகல்தானா என்று பாருங்கள். அலமாரித் துணியில் ஓத வாடை என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சந்தேகம் அங்கேதான் போகிறது. ஓடு மெல்லியது, இரவில் சில்லிட்டுப் போகும், உள்ளே இரண்டு பேர் படுத்தால் மூச்சிலும் வேர்வையிலும் மட்டுமே விடிவதற்குள் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். கேஸ் அடுப்பு எரிந்தால் இன்னும் மோசம், ஒரு கிலோ புரொப்பேன் எரிந்து 1.6 கிலோ தண்ணீரை ஆவியாக விடுகிறது. இது வேதியியல் கணக்கு, அடுப்பு நல்லதா கெட்டதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவ்வளவும் போய்ப் படிவது காற்றோட்டமில்லாத அலமாரியின் பின்சுவரில்தான். அதனால் யாரும் படுக்காமல் வண்டியைப் பூட்டி வைத்து மழையில் நிறுத்துங்கள். அப்போதும் நனைந்தால் ஒழுகல், நீங்கள் படுத்த இரவில் மட்டும் நனைந்தால் சுவர் வேர்க்கிறது. வேர்ப்புக்கு சீலன்ட் கிடையாது, வென்ட்டைக் கொஞ்சம் திறந்துவைப்பதும் அலமாரிக்குப் பின்னால் காற்று போக வழி விடுவதும்தான் மருந்து.

ஒழுகல்தான் என்று உறுதியானால் காற்றழுத்தச் சோதனை செய்யுங்கள், இதைவிடத் துல்லியமான வழி எனக்குத் தெரியாது. கேஸை மூடிவிடுங்கள். ஒரு ஜன்னலைத் திறந்து, அட்டையை அளவாக வெட்டி அடைத்து, அதன் நடுவே ஒரு ஃபேனையோ இலை ஊதும் புளோயரையோ உள்பக்கமாகக் காற்று போகும்படி வைத்து, மற்ற ஜன்னல், வென்ட், கழிவுநீர்த் துளை எல்லாவற்றையும் மூடுங்கள். பெரிய அழுத்தம் வேண்டாம், கதவை உள்ளேயிருந்து திறந்தால் லேசாகத் தள்ளிக்கொண்டு போகிற அளவு போதும். அப்புறம் வெளியே போய், பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு விளிம்பிலும், ரிவெட் தலையிலும், விளக்கைச் சுற்றியும் தெளியுங்கள். எங்கே குமிழி ஊதுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு வட்டம். சில இடத்தில் பெரிய குமிழியாக வராது, நுரை கோலமாவு மாதிரி வெள்ளையாகப் பூத்து நிற்கும், அதுவும் ஓட்டைதான்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்வதே இல்லை. அலுமினிய ஃபிரேம் ஜன்னலின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். சறுக்கு ஜன்னலின் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்குவது இயல்பு, அது வெளியே வடிவதற்காகவே வைத்த துளைகள் அவை. சிலிக்கான் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்கள் முதலில் அடைப்பது அதைத்தான். அடைத்துவிட்டால் பள்ளம் நிரம்பி உள்ளே வழியும். உங்கள் ஜன்னலில் அது அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குண்டூசியோடு போய்ப் பாருங்கள், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால்.


கூண்டுவண்டி:

ஓதம், உங்களுக்கு ஒரு கும்பிடு. வடிதுளை இரண்டும் சிலிக்கானால் அடைபட்டிருந்தது. குத்தித் திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் ஒரு பாய்ச்சலாக வந்தது. இவ்வளவு நாளாகச் சறுக்குப் பள்ளம் தொட்டியாக இருந்திருக்கிறது.

புளோயர் வைத்துச் சோதித்தேன். வென்ட் முன் மூலை, பாய்மரம் சொன்னபடியே, நுரை பொங்குகிறது. சறுக்கு ஜன்னல் விளிம்பு சுத்தம், ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் முன்பக்கம் திறக்காத பெரிய ஜன்னலின் மேல் ஓரத்தில் குமிழி வருகிறது, அங்கே ஒழுகும் என்று நினைக்கவே இல்லை. அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக், தட்டினால் மந்தமாகச் சத்தம் கேட்கிறது. ஃபிரேம் கிடையாது, ஓட்டின் மேல் அப்படியே வைத்துச் சுற்றிலும் போல்ட் போட்டிருக்கிறார்கள். ரிவெட்டுகளில் மேல் அலமாரி வரிசை முழுக்க நுரை பூக்கிறது. நடு ஒட்டில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் மூன்று கேள்வி. ரிவெட்டை என்ன செய்வது? அந்தப் பிளாஸ்டிக் ஜன்னலுக்கு என்ன போடுவது? முக்கியமாக, இந்தச் சிலிக்கானை எப்படித்தான் எடுப்பது?


நெடுஞ்சாலை:

எதற்கு இவ்வளவு சுற்றிவளைப்பு? வென்ட்டைச் சுற்றி டைகார் மாதிரி தானாகப் பரவும் கூரை சீலன்ட்டைத் தாராளமாக ஊற்றுங்கள், ஸ்குரூ தலைகளும் மூடும்படி. பெரிய கேரவன் கூரையெல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஏறிப் பார்த்து, விரிசல் விட்ட இடத்தில் மேலேயே இன்னொரு கோடு போட்டால் ஆயிற்று. அது தன் மேலேயே ஒட்டும், சிலிக்கான் மாதிரி தகராறு கிடையாது. என் வண்டியில் அப்படித்தான், சொட்டு இல்லை.


பாய்மரம்:

நெடுஞ்சாலை, உங்கள் வண்டிக்கு அது சரி. அந்தச் சரக்கு முக்கியமாகத் தட்டையான ரப்பர் கூரைகளை மனதில் வைத்துச் செய்தது. அங்கேயும் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் வைத்துத்தான் மாட்டியிருப்பார்கள், மேலே ஊற்றுவது ஸ்குரூ தலைக்கும் விளிம்புக்கும் இரண்டாவது காவல். ஃபைபர்கிளாஸிலும் பிடிக்கும், அதில் சண்டையில்லை. ஆனால் முட்டைக் கூரையில் தட்டையான இடம் எங்கே இருக்கிறது? ஊற்றினால் சரிவில் வழிந்து ஜன்னல் வரை வரும். கூரைக்கு மேல் வேண்டுமென்றால் வழியாத வகை தனியாக இருக்கிறது, அதைப் போடலாம். அடியில் பியூட்டைல் இல்லாமல் மேலே மட்டும் ஊற்றுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கூண்டுவண்டி, பிளாஸ்டிக் ஜன்னல் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அங்கே கதையே வேறு. அது அக்ரிலிக்காகவோ பாலிகார்பனேட்டாகவோ இருக்கும், இரண்டுமே வெயிலில் ஃபைபர்கிளாஸ் ஓட்டைவிட ரொம்ப அதிகமாக நீளும். 60 சென்டிமீட்டர் அக்ரிலிக் பலகை 40 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1.7 மில்லிமீட்டர் நீளும், அதே நீளத்துக்கு ஃபைபர்கிளாஸ் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. போல்ட் ஓட்டை இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் சிலந்தி வலைபோல விரிசல் விழும், நடுவில் இருக்கும் சீலன்ட்டும் அறுந்துவிடும். உங்கள் மேல் ஓரம் அப்படித்தான் திறந்திருக்க வேண்டும். போல்ட்டைவிட ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், சீலன்ட்டும் தடிமனாக, குறைந்தது 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லிய படலத்துக்கு நகர இடமில்லை.

பாலிசல்ஃபைடு என்று ஒரு வகை படகுக் கடைகளில் இருக்கும், தேக்குப் பலகை வேலைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை மட்டும் இந்த ஜன்னல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏபிஎஸ், பிவிசி என்று பிளாஸ்டிக் வகை எல்லாவற்றையும் அரிக்கும். சாதாரணப் பாலியூரித்தேனும் இங்கே வேண்டாம். பிளாஸ்டிக் ஜன்னலுக்கென்றே சிக்காஃப்ளெக்ஸ் 295 யூவி இருக்கிறது, ஆனால் அதற்கு முன்தயாரிப்புப் பூச்சு, காயும் நேரம் என்று அவர்கள் சொல்கிற ஒழுங்கை அப்படியே பின்பற்ற வேண்டும், நடுவில் ஒரு படியை விட்டால் உரிந்துவிடும். போல்ட் போட்ட ஜன்னல் என்பதால் நல்ல பியூட்டைலை இரண்டு அடுக்காக வைத்தாலே போதும் என்பது என் கணக்கு. ரொம்ப இறுக்காதீர்கள்.

சிலிக்கானை எடுப்பதற்குக் குறுக்குவழி இல்லை. பிளாஸ்டிக் சுரண்டியால் பெரிய பாளங்களை எடுங்கள், பிளேடை ரொம்பப் படுக்க வைத்து மீதியை வழியுங்கள், அப்புறம் சிலிக்கான் கரைப்பான் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று மிஞ்சும், அதுதான் வில்லன். அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், தண்ணீர் ஒரே தாளாகப் பரவி நின்றால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் சிலிக்கான் இருக்கிறது, மறுபடி ஆரம்பியுங்கள். மெழுகு போட்ட ஜெல்கோட்டிலும் முத்துத் திரளும், அதுவும் போக வேண்டியதுதான். பழைய பியூட்டைல் பிசின் மினரல் ஸ்பிரிட்டில் போகும். அசிட்டோனை ஜெல்கோட்டில் துணியில் நனைத்துச் சட்டென்று ஒரு துடை துடைக்கலாம், அக்ரிலிக்கிலோ ஏபிஎஸ் வென்ட் சட்டத்திலோ ஒரு துளி படக்கூடாது, மேற்பரப்பு வெளுத்து வெடித்துவிடும். பிளாஸ்டிக்குக்கு சோப்புத் தண்ணீர் போதும்.


முறுக்காணி:

ரிவெட் பற்றி நான் சொல்கிறேன்.

அலமாரி ரிவெட் சாதாரண வகையாக இருந்தால் அதன் நடுத்தண்டு முறிந்து விழுந்த பிறகு உள்ளே ஒரு குழாய்தான். தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள், அது வெயிலில் வெடித்ததும் தண்ணீர் குழாய் வழியாக நேராக அலமாரிக்குள். நிறையப் பேர் மூடியை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு நிம்மதியாகிறார்கள். மூடி அழகுக்குத்தான், அடைப்பதற்கு இல்லை.

முனை மூடிய ரிவெட் என்று கேட்டு வாங்குங்கள், அதில் நடுவே தண்ணீர் போக வழி இல்லை. அப்போதும் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதே, அதற்கு ரிவெட்டை விடுவதற்கு முன் கழுத்தைச் சுற்றி 4200 அல்லது 4000 யூவி ஒரு பொட்டு. பழையதன் தலையை அதே அளவு டிரில்லால் வழித்தெடுங்கள், ரிவெட் கூடவே சுற்றினால் நிறுத்திவிட்டு உள்ளிருந்து இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். புதிதின் நீளத்தை ஓடு, உள்ளே இருக்கும் நுரை, அலமாரியின் விளிம்பு மூன்றையும் சேர்த்து அளந்து வாங்குங்கள். நுரையை நசுக்கித்தான் பிடிக்கும் என்பதால் நசுங்கிய தடிமனைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நானாக இருந்தால் அலமாரியின் பாரம் தாங்குகிற இடங்களில் ரிவெட்டையே விட்டுவிட்டுத் துருப்பிடிக்காத போல்ட்டுக்கு மாறிவிடுவேன். வெளியே அகலத் தலை, அதற்கு அடியில் ரப்பர் ஒட்டிய வாஷர், உள்ளே நைலான் பூட்டு நட்டு. இறுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள், போல்ட் தலை அசையக்கூடாது, அசைந்தால் அடியில் உட்கார்ந்த சீலன்ட் கிழிந்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டே போங்கள். ஒரு வரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் எடுத்தால் அலமாரி இறங்கும், இந்த வண்டிகளில் கூரையைத் தாங்குவதில் அலமாரிக்கும் பங்கு உண்டு, கூரையும் சேர்ந்து இறங்கும். அப்புறம் எந்த ஓட்டையும் எந்த ஓட்டைக்கும் நேராக நிற்காது.


சொட்டுமருந்து:

சிலிக்கானை எல்லோரும் இப்படிப் போட்டுத் தாக்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வெயிலைத் தாங்குவதில் மேலே சொன்ன எதுவும் அதன் பக்கத்தில் வராது, அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது, நன்றாக நீண்டு கொடுக்கும். பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அதைப் போடுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒன்று, காயும்போது வினிகர் வாடை அடிக்கிற வகை வேண்டாம், அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும், நடுநிலை வகை வாங்க வேண்டும். இரண்டு, ஒரே நேரத்தில் பக்கத்திலேயே பாலியூரித்தேன் காய்ந்துகொண்டிருக்கக் கூடாது. சில நடுநிலை சிலிக்கான்கள் ஆல்கஹாலை விட்டுத்தான் காய்கின்றன, அது பட்டால் பாலியூரித்தேன் கடைசிவரை பிசுபிசுவென்றே நிற்கும். இதே காரணத்துக்காகப் பிதுங்கிய பாலியூரித்தேனை ஆல்கஹாலால் துடைக்கவும் கூடாது.


பாய்மரம்:

அது எல்லாம் உண்மை. எனக்கு சிலிக்கானோடு பிரச்சினை அது பிடித்திருக்கும் காலத்தில் இல்லை, விட்ட பிறகுதான். நாளைக்கு அந்த ஜன்னல் ஓரத்தில் ஜெல்கோட் ஒட்டுப்போட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் சிலிக்கான் தொட்ட இடத்தில் எதுவும் நிற்காது. கூண்டுவண்டி இப்போது என்ன கஷ்டப்படுகிறாரோ அதை அடுத்து வாங்குகிறவருக்கு எழுதிவைக்கிற மாதிரி. பழைய வண்டியில் ஒட்டுப்போடும் வேலை எப்படியும் வரும்.


கூண்டுவண்டி:

ஜன்னலுக்குப் பியூட்டைல் இரண்டு அடுக்கு என்று முடிவு செய்துவிட்டேன். ரிவெட்டுக்கு 4200. அது எவ்வளவு நேரத்தில் மழையைத் தாங்கும்? அப்புறம், முன் ஜன்னலுக்குக் கீழே ஜெல்கோட்டில் தலைமுடி அளவு கோடுகள் இருக்கின்றன, அதில் குமிழி வரவில்லை. நடு ஒட்டின் வெளியே ஓடும் ரப்பர் பட்டை சில இடத்தில் தொங்குகிறது. இதற்கெல்லாம் ஏதாவது போட வேண்டுமா? தரையை மறந்தே போனேன், அந்த அமுங்குகிற பிளைவுட்?


முறுக்காணி:

டியூபில் எழுதியிருப்பதைப் பாருங்கள், 4200-இலேயே சீக்கிரம் காய்கிற வகை என்றால் ஒன்றிரண்டு மணியில் மேல்தோல் கட்டிவிடும், ஒரு நாளில் காயும். 5200 சாதாரண வகைக்கு முழுதாகக் காய 5 முதல் 7 நாள். பாலியூரித்தேன் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கித்தான் காய்கிறது, அதனால் வறண்ட குளிரில் இன்னும் இழுக்கும். பியூட்டைலுக்குக் காத்திருக்கவே வேண்டாம், மாட்டிய நிமிஷமே மழையில் நிறுத்தலாம். திறந்த டியூப் அடுத்த வருஷத்துக்கு மிஞ்சாது, உள்ளேயே கல்லாகிவிடும், சின்ன டியூபாக வாங்குங்கள்.

தலைமுடிக் கோடு ஜெல்கோட்டில் மட்டும் என்றால் ஒழுகாது, விட்டுவிடலாம். மனசு கேட்காவிட்டால் கேப்டன் டாலிஸ் மாதிரி தண்ணீர்போல ஓடி விரிசலுக்குள் தானே ஊறி இறங்குகிற திரவம் இருக்கிறது, காயக் காயச் சில தடவை விட வேண்டும். அழுத்தினால் அந்தக் கோடு அசைகிறது என்றால் மட்டும் சும்மா விடாதீர்கள், அது ஓட்டில் விழுந்த விரிசல், உள்பக்கத்திலிருந்து கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் வைத்துக் கட்ட வேண்டிய வேலை, சீலன்ட் வேலை இல்லை. நடு ஒட்டும் அதே கதைதான், மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஃபைபர்கிளாஸ், ரப்பர் பட்டை வெறும் அலங்காரம். காற்றுச் சோதனையில் அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் பட்டையைத் தேய்த்துத் திரும்பச் சொருகினால் போதும்.


ஓதம்:

தரையைக் கடைசிக்கு விட்டது நல்லதுதான், மேலே ஒழுகல் நிற்காமல் அதைத் தொடுவதில் பயனில்லை. கறுத்த ஓரத்தில் ஸ்குரூடிரைவர் முனையால் குத்திக்கொண்டே போங்கள், எங்கே முனை இறங்காமல் டக்கென்று நிற்கிறதோ அதுவரை வெட்டி எடுக்க வேண்டும். இறங்குகிற இடம் உள்ளங்கை அளவுதான் என்றால் வெட்டாமல் எபாக்ஸி ஊட்டியும் பார்க்கலாம், ஆனால் மரம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஃபேனை அங்கேயே தரையில் வைத்து ஓடவிடுங்கள், அடியில் ரெசின் பூச்சு இருந்தால் ஈரம் மேல்பக்கமாக மட்டும்தான் வெளியேறும், நீங்கள் நினைப்பதைவிட நாளாகும். அதற்குள் இன்னொரு மழை வந்தால் வென்ட் மூலையில் டிஷ்யூ பேப்பர் ஒன்றை ஒட்டி வைத்துப் பாருங்கள், நனைந்ததா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.